குரங்கோடு வந்த பெண் யார்?

நீங்கள் கேட்டது இது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் செரா வரைந்த 'லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை' ஓவியத்தைப் பற்றி ஒரு காணொளி பார்த்திருக்கிறீர்கள். வலது ஓரத்தில் குரங்கைக் கயிற்றில் பிடித்தபடி நிற்கும் பெண்ணும் இடது பக்கம் தூண்டில் போடும் பெண்ணும் உடலை விற்றுப் பிழைப்பவர்கள் என்றும், படமே பணக்காரர்களின் பொழுதுபோக்கைக் கிண்டல் செய்வதற்காக வரைந்தது என்றும் அதில் அடித்துச் சொல்கிறார்களாம். உண்மையா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் 'இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், இல்லை அவர்களாகவே இட்டுக்கட்டுகிறார்களா' என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குரங்குக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம், ஆனால் அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் விஷயம். இருபது வருடத்துக்கு மேல் ஓவிய மாணவர்களுக்கு ஐரோப்பியக் கலை வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பிரெஞ்சு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற அளவுதான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குரங்கு விவகாரம் கடைசியில் ஒரு பிரெஞ்சுச் சொல்லில்தான் போய் நிற்கிறது.

முதலில் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம், அர்த்தம் அப்புறம். பாரிஸின் வடமேற்கே சேன் நதிக்கு நடுவில் இருக்கும் நீளமான தீவு அது. செரா 1884-இல் தொடங்கி, இடையில் விட்டு, மறுபடி எடுத்து, 1886-இல் காட்சிக்கு வைத்தார். தொடங்கும்போது அவருக்கு வயது 24. இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், அதாவது முன்வரிசையில் நிற்பவர்கள் கிட்டத்தட்ட ஆளுயரம். இப்போது சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. 1958-இல் நியூயார்க்குக்கு இரவல் போயிருந்தபோது அங்கே அருங்காட்சியகத்தில் தீப்பிடித்து, நல்ல வேளையாகத் தப்பி வந்தது. அதன் பிறகு வெளியே அனுப்புவதே இல்லை. நான் பல வருடம் புத்தகத்தில் உள்ளங்கை அளவுப் படத்தை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். நேரில் போய் நின்றபோது முதலில் உறைத்தது, எல்லாரும் பேசுகிற அந்தச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் அல்ல, மௌனம். ஐம்பது பேர் போல இருக்கிற ஒரு ஆற்றங்கரை, சத்தமே இல்லை.

அந்த மௌனம் எங்கிருந்து வருகிறது என்பதை வகுப்பில் ஒரு சின்னப் பயிற்சி வைத்துக் காட்டுவேன். பத்து நிமிடம் படத்தைப் பாருங்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள் என்பேன். முதல் இரண்டு நிமிடம் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள், அப்புறம் பேனா நின்றுவிடும். முன்வரிசையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. குரங்குக்காரப் பெண்ணின் பக்கத்தில் உயரத் தொப்பியும் சுருட்டுமாக ஒருவர் நிற்கிறார், சேர்ந்துதான் வந்திருக்கிறார்கள், ஆனால் இருவர் பார்வையும் நேரே ஆற்றுப் பக்கம். பின்னால் ஒருவர் ஊதுகொம்பு வாசிக்கிறார், திரும்பிப் பார்க்க ஆளில்லை. படத்தின் நடுவில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு சிறுமி மட்டும் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு சிறுமி ஓடுகிறாள், கரையில் நிற்கிறவர்களில் உடம்பை வேகமாக அசைப்பது அவள் ஒருத்திதான்.

இடது முன்பக்கம் இருக்கும் மூன்று பேரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கையில்லாத சட்டையும் தொப்பியுமாக, தரையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து புகைக்குழாய் பிடிக்கிற ஒரு ஆள், வெறும் தோளும் கையும் தெரிகிறது. அவருக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து தன் மடியில் இருப்பதிலேயே மூழ்கியிருக்கிறாள். அவளுக்கு அப்பால் உயரத் தொப்பியும் கைத்தடியும் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கும் ஒரு மெல்லிய ஆள். மூவரும் கை எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், நிழல்கூட ஒன்றுதான், ஆனால் ஒருவருக்கொருவர் இல்லாத மாதிரியே இருக்கிறார்கள். தொப்பிக்காரர் அளவில் பொம்மை மாதிரி சிறுத்துவிட்டதையும் கவனியுங்கள். அவ்வளவு பக்கத்தில் இருப்பவர் அவ்வளவு சின்னதாகத் தெரிய நியாயமே இல்லை. இது செராவின் பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டால், ஏறக்குறைய அறுபது சின்னச் சின்ன முன்னோவியங்கள் போட்டுப் பார்த்த ஒரு மனிதருக்கு இது கண்ணில் படாமல் போயிருக்காது என்பது என் ஊகம். ஊகம்தான். ஆனால் அந்தச் சாய்ந்திருக்கும் ஆளைப் பார்த்தவுடன் 'தொழிலாளி' என்று எழுதிவிடுகிறார்களே, அங்கேதான் நான் தயங்குவேன். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை படகு வலிக்கப் போன குமாஸ்தாக்களும் அதே மாதிரிதான் உடுத்தினார்கள். உடுப்பை வைத்து ஆளை எடைபோட முடியாமல் போன காலம் அது, படத்தின் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

உடுப்பு என்றதும் அந்தக் குரங்குக்காரப் பெண்ணின் பின்பக்கத்துக்கு வந்தாக வேண்டும், வேறு வழியில்லை. பாவாடைக்குள் இடுப்புக்குப் பின்னால் ஒரு சட்டகத்தைக் கட்டிக்கொண்டு துணியை அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கொள்கிற நாகரிகம் 1880-களின் நடுவில் மறுபடி வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் போயும்விட்டது. அதாவது இந்தப் பெண் அன்றைய தேதியில் கடைசி மோஸ்தரில் இருக்கிறாள். இதில் எனக்குப் பிடித்த தகவல் என்னவென்றால், ஓவியத்தைக் கருவிகளை வைத்து ஆராய்ந்தபோது செரா இந்தப் பின்பக்க வளைவை இரண்டாம் சுற்று வேலையில் இன்னும் பெரிதாக்கியிருப்பது தெரியவந்தது. முதலில் கொஞ்சம் அடக்கமாக இருந்ததை மேலே வண்ணம் வைத்து நீட்டியிருக்கிறார். மோஸ்தர் வளர வளரப் படமும் வளர்ந்ததா, அல்லது அந்தக் கோட்டின் அழகுக்காக நீட்டினாரா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. ஆனால் அந்த வளைவில் அவருக்கு அக்கறை இருந்தது என்பதற்கு இது சாட்சி. யாரோ ஒருவர் 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று சொல்வதைவிட இந்த மாதிரிச் சாட்சியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

சரி, குரங்கு. அந்தப் பெண் ஒழுக்கம் கெட்டவள் என்ற வாதம் மூன்று காலில் நிற்கிறது. ஒன்று, ஐரோப்பிய ஓவியத்தில் குரங்கு நெடுங்காலமாகக் காமத்துக்கு அடையாளமாக வந்திருக்கிறது. இரண்டு, பெண் குரங்கைக் குறிக்கும் 'சான்ஜெஸ்' என்ற சொல் அன்றைய பாரிஸ் கொச்சையில் உடலை விற்கும் பெண்ணையும் குறித்தது என்கிறார்கள். மூன்று, அந்தத் தீவுக்கே அப்படி ஒரு பெயர் இருந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. தூண்டில்காரிக்குச் சொல்லும் காரணம் இதைவிட விளையாட்டானது. பிரெஞ்சில் மீன் பிடிப்பதற்கும் பாவம் செய்வதற்கும் உள்ள சொற்கள் எழுத்தில் ஒரே ஒரு குறியில் மாறுபடும், காதுக்கு ஏறக்குறைய ஒன்று, 'பெஷே'. ஆண்களை வளைத்துப் பிடிப்பவள் என்று சிலேடை. அந்தக் காலக் கேலிச்சித்திரங்களில் இந்த மாதிரிச் சிலேடை புழங்கியதுதான், ஆகவே வாதம் வெறும் வானத்திலிருந்து குதித்ததில்லை.

ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. செரா இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பொதுவாகவே வாய் திறக்காத மனிதர், 1891-இல் 31 வயதில் இறந்தும் போனார். சிலேடை இருக்க முடியும் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. மொழியில் சிலேடைக்கு இடம் இருக்கிறது என்பதற்காகத் தூண்டில் பிடித்த ஒவ்வொரு பெண்ணையும் சந்தேகப்பட ஆரம்பித்தால் சேன் நதிக்கரையில் ஒரு குடும்பப் பெண்கூட மிஞ்ச மாட்டாள். அதோடு, குரங்குக்கு வடிவம் சார்ந்த வேலையும் இருக்கிறது. அதன் வாலின் வளைவு, கயிற்றின் கோடு, மேலே குடையின் வளைவு, பாவாடையின் வளைவு, இவையெல்லாம் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. என் மாணவி ஒருத்தி அட்டையை வெட்டி வைத்துக் குரங்கை மறைத்துக் காட்டினாள், அந்த மூலையே சரிந்து விழுகிற மாதிரி இருந்தது. ஆக என் மதிப்பீடு இப்படி: குரங்குக்காரி விஷயத்தில் 'இருக்கலாம், நியாயமான ஊகம்', தூண்டில்காரி விஷயத்தில் 'ஏதோ கொஞ்சம்'. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'இவர்கள் வேசிகள்' என்று முடித்துவிடும் காணொளி அளவுக்கு மீறிப் போகிறது.

பணக்காரர்களைக் கிண்டல் செய்கிறது என்கிற இரண்டாவது விஷயத்தில் எனக்கு மறுப்பு அதிகம், ஏனென்றால் முதலில் இவர்கள் பணக்காரர்களா என்பதே கேள்வி. உண்மையான பணக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு, செவ்வாய்க்கிழமையும் போகலாமே. கோடை வந்தால் கடற்கரை ஊருக்குப் போய்விடுவான். ஞாயிறு என்பது வாரம் முழுக்க வேலை செய்கிறவர்களின் நாள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரான்சில் ஞாயிறு வேலை செய்யக்கூடாது என்றிருந்த பழைய சட்டத்தை 1880-இல் நீக்கிவிட்டார்கள், வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற தொழிலாளர் சட்டம் வந்தது 1906-இல்தான். இந்தப் படம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அப்போது ஞாயிறு ஓய்வு என்பது எல்லாருக்கும் உரிமையாகக் கிடைத்த ஒன்று அல்ல. கிடைத்தவர்கள் அதை உடுத்திக்கொண்டு வந்து காட்டினார்கள். பெரிய பல்பொருள் அங்காடிகளில் ஆயத்த உடைகள் விற்க ஆரம்பித்த பிறகு, கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் ஞாயிறன்று சீமாட்டி மாதிரி நிற்கலாம், பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கூட்டத்தில் இரண்டு சிப்பாய்கள் இருக்கிறார்கள், நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் தாதி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு முகமே இல்லை, ஒரு சாம்பல் நிறக் கட்டியும் சிவப்பு நாடாவும்தான். கூலிக்குப் பிள்ளை வளர்க்கும் அவளுக்கு அன்றைக்கும் வேலைதான்.

இது நான் இப்போது இட்டுக்கட்டுவதில்லை என்பதற்கு 1886-இல் படத்தைப் பார்த்தவர்கள் சாட்சி. குமாஸ்தாக்களும் வேலைக்காரிகளும் சிப்பாய்களும் ஈயப் பொம்மைகள் மாதிரி நகர்கிறார்கள் என்று ஒரு விமர்சகர் எழுதினார், சீமான்கள் என்று எழுதவில்லை பாருங்கள். பாரிஸ்காரர்கள் பொழுதுபோக்கும்போதுகூடப் பாவனைதான் காட்டுகிறார்கள், அந்த விறைப்புதான் இங்கே தெரிகிறது என்ற பொருளில் இன்னொருவர் எழுதினார். ஓய்வெடுக்கத் தெரியாமல் ஓய்வெடுப்பது மாதிரி நிற்பது என்ற வாசிப்பு அன்றைக்கே இருந்தது, பிற்காலப் பேராசிரியர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் அதே ஆண்டு இதே படத்தைக் கொண்டாடிய ஃபெலிக்ஸ் ஃபெனேயோன் என்ற விமர்சகருக்கு இந்தச் சமூக விஷயத்தில் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் புல்லின் ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டு அதில் எந்தெந்த நிறப் புள்ளி ஏன் இருக்கிறது என்று விளக்கினார், இந்தப் பாணி ஓவியர்களுக்கு 'நவ இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். ஒரே கேன்வாஸ், ஒருவருக்கு சமூகம், ஒருவருக்கு ஒளி.

செரா என்ன சொன்னார் என்றால், நேரடியாக ஒன்றுமில்லை, நண்பர்கள் வழியாக வந்த இரண்டு சேதி மட்டும் உண்டு. ஏதென்ஸ் கோவிலில் பழங்காலக் கிரேக்கச் சிற்பி ஃபிடியாஸ் செதுக்கிய ஊர்வலத்தைப் போல இக்கால மனிதர்களை, அவர்களுடைய சாரத்தோடு, வரிசையாக நடக்க வைக்க வேண்டும் என்று சொன்னதாகக் குஸ்தாவ் கான் எழுதியிருக்கிறார். என் படத்தில் கவிதை பார்க்கிறார்கள், நான் என் முறையைக் கையாள்கிறேன், அவ்வளவுதான் என்று சலித்துக்கொண்டதாக இன்னொரு நண்பர் வழியாக வருகிறது. முதல் சேதியை நம்பினால் அந்த விறைப்பு கேலி இல்லை, மரியாதை. சாதாரண குமாஸ்தாவுக்குக் கோவில் சிற்பத்தின் கம்பீரத்தைக் கொடுக்கிறார். இரண்டாவதை நம்பினால் இரண்டும் இல்லை. லிண்டா நாக்லின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதை நேர் எதிராக, கனவுலகத்துக்கு மறுப்பாக, பொழுதே போகாத பொழுதுபோக்காகப் படித்தார். நான் அவர் பக்கம் சாய்பவன்தான், ஆனால் ஒரு காரணத்தோடு மட்டும். அதைச் சொல்ல ஆற்றின் மறுகரைக்குப் போக வேண்டும்.

இதே அளவில், இதற்குச் சற்று முன்னால் செரா வரைந்து முடித்தது 'அனியேரில் குளிப்பவர்கள்', இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 1884-இல் அரசுக் கண்காட்சியின் நடுவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். அதில் பின்னணியில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள், கரையில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கிற, சாய்ந்திருக்கிற ஆண்களும் பையன்களும். தீவு அவர்களுக்கு எதிரே வலதுபக்கம். ஏறக்குறைய எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரில் நிற்கும் சிவப்புத் தொப்பிப் பையன் ஒருவன் இரு கையையும் குவித்து வாயில் வைத்து அந்தப் பக்கம் கூப்பிடுகிறான். நடுவே ஒரு தோணியில் உயரத் தொப்பிக்காரரும் வெள்ளைக் குடைக்காரியும் அக்கரைக்குப் போகிறார்கள். நம் படத்திலோ பெரும்பாலோர் இடதுபக்கம், ஆற்றைப் பார்த்தபடி. இரண்டையும் ஜோடியாக நினைத்துத்தான் வரைந்தார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு அந்தப் பையனின் கூப்பாட்டுக்கு இந்தக் கரையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்ற நினைப்பை என்னால் தள்ள முடிவதில்லை. அங்கே உடம்பு இருக்கிறது, இங்கே உடுப்பு இருக்கிறது.

இதற்கு நடுவில் நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், இதில் நானே வகுப்பில் பல வருடம் தப்பாகச் சொன்னவன். தூய நிறப் புள்ளிகளை அடுத்தடுத்து வைத்தால் தள்ளி நின்று பார்க்கிற கண்ணில் அவை கலந்து இன்னும் பிரகாசமாகத் தெரியும், அதுதான் செராவின் விஞ்ஞானம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். உண்மையில் அப்படிக் கண்ணில் கலக்கும் எதிர் நிறங்கள் சராசரியாகிச் சாம்பலாகத்தான் தெரியும். அதோடு படம் முழுக்கப் புள்ளியால் ஆனதும் அல்ல. முதல் சுற்றில் சின்னச் சின்னக் கீற்றுகளாக வரைந்து, 1885-86-இல் அதன் மேல்தான் புள்ளி வைத்தார், சுற்றியுள்ள நிற விளிம்பு அதற்கும் பிறகு சேர்த்தது. புள்ளிகள் வேலை செய்வது வேறு விதத்தில். சாயத் தொழிலில் இருந்த ஷெவ்ரேல் என்ற வேதியியலாளர் 1839-இலேயே சொன்ன மாதிரி, ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும், அந்த அதிர்வுதான் இங்கே நடக்கிறது. முக்கியமானது, செரா பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் நிலைக்கவில்லை. சில வருடத்துக்குள்ளேயே பழுப்பாக மாற ஆரம்பித்து, 1892-இலேயே ஃபெனேயோன் அதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதிவிட்டார். வெயில் படும் புல்லில் பளிச்சென்று மின்ன வேண்டிய புள்ளிகள் இன்று காய்ந்த மண் நிறம். ஆகவே 'என்ன ஒரு சோர்வான, மங்கலான ஞாயிறு' என்று நிறத்தை வைத்து யாராவது விளக்கம் சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சோர்வில் ஒரு பங்கு கெட்டுப்போன வண்ணத்தின் வேலை. நான் மேலே சொன்ன மௌனம் நிற்கும் விதத்திலிருந்தும் பார்வைகளிலிருந்தும் வருவது, அது அன்றும் இருந்தது.

கிண்டலா என்று மறுபடி கேட்டால், கிண்டல் என்ற சொல் எனக்குச் சின்னதாகப் படுகிறது. உடுப்பு மனிதரைத் தூக்கி நிறுத்துகிறது, அதே உடுப்பு அவர்களை நகரவிடாமல் பிடித்தும் வைத்திருக்கிறது. செரா இந்த இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்திருக்கிறார் என்பதுதான் என் வாசிப்பு. இதற்குப் படத்துக்கு வெளியே ஒரு துணைச் சாட்சி இருக்கிறது, காணொளிக்காரர்கள் இதை எடுத்துக்கொள்ளாதது எனக்கு ஆச்சரியம். அடுத்து அவர் வரைந்த பெரிய படம் 'மாதிரிப் பெண்கள்', அதாவது ஓவியருக்காக நின்று காட்டும் பெண்கள், 1886 முதல் 1888 வரை, இப்போது ஃபிலடெல்ஃபியாவில் பார்ன்ஸ் சேகரிப்பில் இருக்கிறது. செராவின் சொந்த ஸ்டூடியோ, ஆடையில்லாமல் மூன்று பெண்கள், ஒருத்தி குனிந்து காலுறையை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவர்களுக்கு இடப்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருப்பது நம் ஞாயிற்றுக்கிழமைப் படமேதான், அதன் வலது பாதி, குரங்குக்காரப் பெண் குடையும் நீட்டிய பாவாடையுமாக நிற்கும் அந்தப் பகுதி. இந்தப் பக்கம் தரையிலும் நாற்காலியிலும் தொப்பியும் குடையும் கழற்றிப் போட்ட துணிகளும் கிடக்கின்றன.